நன்மைக்குப் போகாதவர்

பீடத்தில் அப்பத்தை உயர்த்திப் பிடித்த கை நடுங்கியதைக் கஸ்பார் மிராந்தா பார்த்தார். பார்த்ததும், சர்க்கரை ஏறிவிட்டது போலிருக்கிறது, நேற்றுகூட டீயில் இரண்டு கரண்டி சீனி போட்டுக் கலக்கினாரே, சொன்னால் கேட்கிற ஆளா என்றுதான் அவருக்குத் தோன்றியது. மனைவி பிரிஜித்துக்கு முப்பதாம் நாள் பூசை. பூசை வைப்பவர் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. தாலி கட்டியவர் பெஞ்சில் உட்கார்ந்து சீனியை நினைத்துக்கொண்டிருக்கிறார். மனசுக்கு வெட்கமே கிடையாது. முன்னால் குடும்பத்தாருக்கென்று நாற்காலி போட்டு வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுப் பழைய இடத்துக்கே வந்துவிட்டார். வலது பக்கம், தூணுக்குப் பின்னால் உள்ள பெஞ்சு. நடைபாதை ஓரத்தில் அவர், உள்ளே அவள். கால் நீண்ட மனிதர், ஓரத்தில்தான் முழங்காலை வைக்க இடம் கிடைக்கும் என்று கல்யாணமான புதிதில் அவள்தான் அப்படி உட்கார்த்தினாள். இப்போது உள்ளே யாரும் இல்லை. அவளுடைய ஜெபப் புத்தகம் வைக்கிற பலகையில் யாரோ ஒரு தண்ணீர் பாட்டிலை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதை எடுத்துக் கீழே வைக்கலாமா என்று யோசித்து, பிறகு எழுந்து போவதா வேண்டாமா என்ற யோசனைக்கே மறுபடி வந்துவிட்டார். காலையில் பல் தேய்க்கும்போது பிடித்த கேள்வி அது. இன்றைக்கு நன்மை வாங்க, அந்த அப்பத்தை நாக்கில் வாங்க, போவதா வேண்டாமா. மணி அடித்தது, ஜனங்கள் முழங்காலிட்டார்கள், அவரும் பலகையைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினார்.

மற்றவர்களுக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை. வரிசையில் போகிறார்கள், கிறிஸ்துவின் உடல் என்கிறார் சாமி, ஆமென் என்கிறார்கள், வாங்கிக்கொண்டு வந்து கண்ணை மூடுகிறார்கள். பாதிப் பேர் வீட்டில் ஆப்பத்துக்கு மாவு புளித்ததா என்று நினைத்தபடிதான் போகிறார்கள், அது கடவுளுக்கும் தெரியும். கஸ்பார் முப்பத்தைந்து வருஷமாகப் போனதில்லை. பூசைக்கு ஒரு ஞாயிறு தவறியதில்லை, நன்மைக்கு ஒரு ஞாயிறு எழுந்ததில்லை. பாட்டு ஆரம்பித்ததும் பிரிஜித் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுவாள். இவர் முழங்காலைப் பக்கவாட்டில் ஒடுக்கிக்கொள்வார். அவள் உரசாமல் தாண்டிப் போவாள். திரும்பி வருவாள், மறுபடி ஒடுக்குவார், அவள் உள்ளே போய் முழங்காலிடுவாள். அதற்குப் பிறகு வருகிற அந்தக் கொஞ்ச நேரம்தான் அவருக்கு வாரம் முழுவதும் வேண்டாத நேரம். ஏனென்றால் அவள் முகம் நேராக இருக்காது, இவர் பக்கமே திரும்பியிருக்கும். நன்மை வாங்கின வாயை மூடிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், இந்தப் பக்கமே. பீடத்தைப் பார்க்க வேண்டியவள் என்னை ஏன் பார்க்கிறாள் என்று இவர் தரையைப் பார்ப்பார். தரையில் ஒரு கல் விரிசல் விட்டிருந்தது. அந்த விரிசல் எவ்வளவு நீளம், எங்கே வளைகிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பெரிய பாவத்தில் கிடப்பவன்தான் நன்மைக்குப் போகமாட்டான், ஊர் சும்மா இருக்குமா? துறைமுகத்தில் பெரிய வேலையில் இருந்த ஆள், கப்பல்காரர்களோடு பழக்கம், கொச்சியில் ஒருத்தியை வைத்திருக்கிறாராம், இல்லை கொழும்பிலாம் என்று அவரவருக்குப் பிடித்த ஊரில் குடித்தனம் வைத்துக் கொடுத்தார்கள். பிரிஜித் காதிலும் அது விழுந்தது. விழுந்ததை அவள் நம்பினாள். அதுதான் இப்போது நெஞ்சுக்குள் கிடந்து அறுக்கிறது. அவள் நம்பிக்கொண்டே போய்விட்டாள்.

பெண் யாருமில்லை. கஸ்பார் ஒரு ஃப்ரீமேசன், எல்லா மதத்து ஆண்களும் கூடுகிற, கத்தோலிக்கர் சேரக் கூடாது என்று திருச்சபை விலக்கிய சபைக்காரர், அவ்வளவுதான். கடற்கரைச் சாலையில் ஜன்னல் எப்போதும் சாத்தியே கிடக்கும் மஞ்சள் கட்டடம், தெருப் பையன்கள் தலைவெட்டிக் கோயில் என்று சொல்லிப் பயந்து ஓடுகிற கட்டடம், அதற்குள் மாதம் ஒரு சனிக்கிழமை கறுப்புக் கோட்டும் இடுப்பில் வெள்ளைத் தோல் ஏப்ரனுமாக நின்றவர்களில் ஒருவர். உள்ளே யாருடைய தலையையும் வெட்டவில்லை. அதிகம் போனால் நீளமாகப் பேசி அறுப்பார்கள். பிறகு வரிசையாக உட்கார்ந்து ஆட்டுக்கறி சாப்பிடுவார்கள். இதற்குத்தானா என்று அவரே பல தடவை கேட்டுக்கொண்டதுண்டு. இதற்கில்லை. அது வேறு. கல்யாணமான மூன்றாம் வருஷம் மூச்சு விடாமலே ஒரு ஆண் குழந்தை பிறந்தது. பிரிஜித் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், இவர் குழந்தையைப் பழைய வேட்டியில் சுற்றித் தூக்கிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்கு வந்தால், அப்போதிருந்த பங்குச் சாமி வாசலிலேயே நிறுத்தினார். "ஞானஸ்நானம் வாங்காத பிள்ளைக்கு உள்ள எடமில்ல கஸ்பார். நான் என்ன செய்ய, சட்டம். சுவருக்கு அந்தப் பக்கம் அடக்கிக்கிடும்." சுவருக்கு அந்தப் பக்கம் உடைமரமும் ஆட்டுப் புழுக்கையும்தான். குழி தோண்ட வந்தவனும் பாதியில் எங்கோ போய்விட்டான். வெயில். வேட்டிக்குள் கனமே இல்லை. அப்போது ஒரு கார் வந்து நின்றது. ஆபீஸ் டாக்டர் சாலமோன், புராட்டஸ்டண்டு, சி.எஸ்.ஐ. சபைக்காரர். அவரோடு உப்பளக்காரர் காதர் சாகிபு, பிறகு நாமம் போட்ட பாங்க் மேனேஜர் ஒருவர். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. காதர் சாகிபு சட்டையைக் கழற்றிக் காரில் போட்டுவிட்டு மண்வெட்டியை எடுத்தார். மூடி முடித்ததும் ஜெபம் என்று எதுவும் சொல்லவில்லை. ஆளுக்கொரு வேதம், எதைச் சொல்ல? தலையைக் குனிந்து நின்றார்கள். இவர் அழுது முடிக்கிற வரைக்கும் நின்றார்கள். இவர்களுக்குள் என்ன சொந்தம், எப்படி ஒன்றாக வந்தார்கள் என்று டாக்டரிடம் ஒரு நாள் கேட்டார். அப்படித்தான் அந்த மஞ்சள் கட்டடத்துக்கு வழி தெரிந்தது.

வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. பாடுகிற பெண்ணுக்குச் சளி, மேலே போகிற இடத்தில் குரல் அடைத்தது. பிரிஜித் இருந்தால் கற்பூரவல்லி இலை போடச் சொல்லியிருப்பாள். அந்த மஞ்சள் கட்டடத்தில் முதல் நாள் அவருடைய கண்ணைத் துணியால் கட்டி, கழுத்தில் கயிறு போட்டு, முழங்கால் போட வைத்தார்கள். இந்த நேரத்தில் உன் மனசு எதை வேண்டுகிறது என்று ஒரு குரல் கேட்டது. வெளிச்சம் என்று சொல்ல வேண்டும். பக்கத்தில் நின்றவர் காதில் சொல்லிக் கொடுத்தார், இவரும் சொன்னார். துணியை அவிழ்த்தபோது மேசைமேல் வேதபுத்தகம் விரிந்திருந்தது, பக்கத்தில் குரானும் கீதையும். வேதபுத்தகத்தின்மேல் கைவைத்துச் சத்தியம் செய்தார். அது இருக்கிறதே, பிறகு என்ன பயம் என்று அன்றைக்குச் சமாதானமாக இருந்தது. பயம் அடுத்த மாதம் வந்தது. அங்கேயும் ஜெபம் சொன்னார்கள். பிரபஞ்சத்தைக் கட்டின பெருஞ்சிற்பியே என்று ஆரம்பித்தார்கள். கடைசி வரைக்கும் இயேசுவின் பெயர் வரவில்லை. வரக் கூடாது, சாகிபும் இருக்கிறார், பாங்க் மேனேஜரும் இருக்கிறார், அவர்கள் மனம் நோகும். நியாயம்தான். ஆனால் கஸ்பார் பல்லுக்குள்ளே அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டார், வகுப்பில் மிட்டாயை ஒளித்துத் தின்கிற பையனைப் போல. டாக்டர் சாலமோனிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "அது மதமில்லவே. ஒரு மேசை. எல்லாரும் ஒக்காருத மேசை. நான் ஞாயித்துக்கெழம எங்க கோயில்ல நன்மை வாங்கத்தான செய்யுதேன்? எங்க பாதிரி ஐயருக்கும் தெரியும். கர்த்தர் என்ன கோவிச்சிக்கிட்டாரா?" இரண்டு தெரு தள்ளி இருக்கிற கோயிலில் பாவமில்லை, இந்தக் கோயிலில் பாவம். ஒரே கர்த்தர், ஒரே சிலுவை. இதை எந்தப் பக்கத்திலிருந்து பிடித்து இழுத்தாலும் முடிச்சு அவிழவில்லை. வெறும் மேசைதான் என்றால் அதற்கு எதற்குச் சத்தியம், எதற்குக் கயிறு, எதற்கு முழங்கால்? மதம்தான் என்றால், சுவருக்கு வெளியே நின்ற தன்னைத் தேடி வந்தது எந்த மதம்? இரண்டு வீட்டிலும் இலை போட்டார்கள், இரண்டு வீட்டிலும் பசியோடுதான் எழுந்தார்.

அந்த வருஷத் தவக்காலத்தில்தான் அந்தக் கூத்து நடந்தது. பாவசங்கீர்த்தனத்துக்கு, சாமியிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்க, இரண்டு வரிசை. ஒன்றில் கண்டிப்பான பங்குச் சாமி, இன்னொன்றில் ஓய்வுபெற்ற கிழட்டுச் சாமி, காது சுத்தமாக மந்தம். பெரிய பாவக்காரர்கள் எல்லாரும் கிழவரின் வரிசையில்தான் நிற்பார்கள், ஊருக்கே தெரிந்த விஷயம். கஸ்பாரும் போய் நின்றார். வரிசை நகர்கிறபோது கிழவருக்குத் தலை சுற்றி உள்ளே கூட்டிப் போய்ப் படுக்க வைத்ததும், விடுமுறைக்கு வந்திருந்த இளம் சாமி ஒருவர் பின் வாசல் வழியாக வந்து கூண்டுக்குள் உட்கார்ந்ததும் இவருக்குத் தெரியாது. முழங்காலிட்டு, கிழவருக்குக் கேட்கட்டும் என்று கொஞ்சம் உரக்கவே சொன்னார், சாமி, நான் மேசன் சபையில சேந்திருக்கேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் மூச்சு நின்றது மாதிரி இருந்தது. "அங்க சத்தியம் பண்ணுனீங்களா?" "பண்ணுனேன் சாமி." "யாரு பேரச் சொல்லி?" "பெருஞ்சிற்பி பேரச் சொல்லி." "அவருக்கு ஒரு மகன் உண்டும்லா? அவரு பேர அங்க சத்தமாச் சொல்லலாமா?" இவர் கூண்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "என்ன கேட்டீங்க அங்க?" "வெளிச்சம்." அப்போது அந்தக் குரல் உடைந்தது. "ஞானஸ்நானத்துல ஒங்களுக்குன்னு மெழுகுவத்தி ஏத்திக் குடுத்தாங்களே அத்தான், அந்த வெளிச்சம் பத்தலியா?" அத்தான் என்ற சொல் இவர் தலையில் இடியாக இறங்கியது. மச்சினன் வெனான்ஸ். பிரிஜித்தின் தம்பிச்சாமி. அந்த மெழுகுவத்திய எம்பிள்ளைக்குக் குடுக்கலியே என்று சொல்லியிருக்க வேண்டும். அது வீட்டுக்குப் போகிற வழியில்தான் வாய்க்கு வந்தது. "விட்டுட்டு வாங்க. அன்னைக்கே பாவமன்னிப்புத் தாரேன். அதுவரைக்கும் நன்மைக்கு வராதீங்க." யோசிக்கேன் சாமி என்றார். முப்பத்தைந்து வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறார்.

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சாமியார் வெளியே மூச்சுவிடக் கூடாது. தலை போனாலும் கூடாது, கண்ணால்கூடக் காட்டக் கூடாது. தம்பிச்சாமி காட்டவில்லை. எத்தனை கிறிஸ்மஸுக்கு எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். சீலா மீன் குழம்புக்கு உப்பு போதுமா அத்தான் என்பார், போதும் சாமி என்பார் இவர், பிரிஜித் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போவாள். மேசனுக்குச் சத்தியம், சாமியாருக்கு வாயில் முத்திரை. இரண்டு ஆண்பிள்ளைகளும் வாயை மூடிக்கொண்டு யோக்கியர்களாக இருந்தார்கள், நடுவில் அவள் ஒருத்தி கரிந்தாள். இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. இவர் துணிந்து வரிசையில் போய் நாக்கை நீட்டியிருந்தால், கூண்டுக்குள் கேட்டதை வைத்துத் தம்பிச்சாமி மறுத்திருக்க முடியாது. கொடுத்தே ஆக வேண்டும். எந்த ஞாயிறும் போயிருக்கலாம். ஊர் வாய் மூடியிருக்கும், அவளும் நிம்மதியாகச் செத்திருப்பாள். இவர் போகவில்லை. ஏனென்றால் அது அப்பமில்லை, கர்த்தரேதான் என்று இவர் நம்பினார். நம்பாதவனுக்கு என்ன, கையைக் கட்டிக்கொண்டு போய் வாங்கிவிட்டு வருவான். நம்பின பாவத்துக்கு இவர் உட்கார்ந்திருந்தார். பிறகு பிள்ளையே உண்டாகவில்லை. சனிக்கிழமை இவர் கழற்றிப் போடுகிற சட்டையின் காலரை அவள் மோந்து பார்ப்பாள். ஒரே ஒரு தடவைதான் கேட்டாள், துணி மடித்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல். "அவ எந்தத் தெரு?" இவர் பேப்பரைத் திருப்பினார்.

"எந்திரிங்கண்ணே, இன்னைக்காவது" என்று காதருகே ஒரு குரல். பக்கத்து வீட்டு செலஸ்தீன், வரிசையில் தாண்டிப் போகிறாள். அவளும் ஊர் சொன்னதைத்தான் நம்புகிறாள், கண்ணில் தெரிந்தது. கடைசி நாள் ஆஸ்பத்திரியில் பிரிஜித் கேட்டதும் இதேதான். தம்பிச்சாமி சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் அவஸ்தை எண்ணெயைப் பூசிவிட்டு நன்மை கொண்டுவந்திருந்தார். பிரிஜித்தால் விழுங்க முடியவில்லை. அப்பத்தைப் பிட்டு ஒரு சின்னத் துண்டை ஸ்பூன் தண்ணீரில் கொடுத்தார். அது இறங்குகிற வரைக்கும் காத்திருந்துவிட்டு அவள் சொன்னாள், "மீதிய அவங்களுக்குக் குடு சாமி." பிறகு இவர் பக்கம் திரும்பினாள். "அவ யாருன்னு நான் கேக்க மாட்டேன். அவ நல்லா இருக்கட்டும். எனக்கும் பிள்ள தங்கல, நீங்க போனதுல தப்பில்ல. இன்னைக்கு ஒரு நாள் எங்கூட வாங்கிக்கிடுங்க." தம்பிச்சாமி தரையைப் பார்த்தார். கஸ்பார் வாயைத் திறந்தார். பெண் ஒருத்தியும் இல்லை பிரிஜித், நான் மேசன், அவ்வளவுதான் என்று சொல்லிவிடலாம். சொன்னால் அவள் சிரித்திருப்பாள். சிரித்துவிட்டு அடுத்த கேள்வி கேட்டிருப்பாள், அதுதானே, அதை விட்டிருக்கலாமே என்று. பெண் என்றால் மனசு போய்விட்டது, மீட்க முடியவில்லை என்று அவளே சமாதானம் சொல்லிக்கொள்வாள், மன்னித்தும் விட்டாள். இது அப்படியில்லையே. ராஜினாமா எழுதிக் கொடுத்தால் தீர்ந்தது. எந்த மாதமும் எழுதியிருக்கலாம். எழுதாததற்கு ஒரே காரணம், அவள் பக்கத்தில் போய் நன்மை வாங்குவதைவிட சாகிபும் டாக்டரும் இருந்த அந்த மேசை இவருக்குப் பெரிதாக இருந்தது. அதை அவளிடம் சொல்வதைவிடச் சோரம் போனவன் என்று பெயர் எடுப்பது இலேசாக இருந்தது. இவர் வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. "அவ்ளோ பிரியமா அவ மேல?" என்றாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

பாட்டு நின்றுவிட்டது. வரிசை முடிந்துவிட்டது. சாமி பீடத்துக்குத் திரும்பிப் பாத்திரத்தைக் கழுவ வேண்டும். தம்பிச்சாமி திரும்பவில்லை. படிக்கட்டின் அருகே பாத்திரத்தைப் பிடித்தபடி நின்றார். தூணுக்குப் பின்னால் உள்ள பெஞ்சைப் பார்த்து நின்றார். யாரோ இருமினார்கள். மின்விசிறி கிறீச்சிட்டது. கோயிலே திரும்பிப் பார்க்கிறது என்று கஸ்பாருக்கு முதுகில் தெரிந்தது. போனால் பொய், போகாவிட்டால் அவள் கடைசியாகக் கேட்டது இல்லாமலே போகும். இனி அந்த மஞ்சள் கட்டடத்தை விட்டால்தான் என்ன, யாருக்காக விடுவது, டாக்டரும் போய்விட்டார், சாகிபும் போய்விட்டார், அங்கே இப்போது இருப்பவர்களுக்கு இவர் பெயரே சரியாக வராது. முழங்கால் தானாக எழுந்தது. நடைபாதை நீளமாக இருந்தது. தரையின் விரிசலைத் தாண்டினார். கிட்டே போனபோது தம்பிச்சாமியின் கை நடுங்குவது சர்க்கரையால் இல்லை என்று தெரிந்தது. அப்பத்தை எடுத்து உயர்த்தினார், கிறிஸ்துவின் உடல் என்றார். கஸ்பாரால் ஆமென் சொல்ல முடியவில்லை. உதட்டை இறுக்கித் தலையை ஆட்டினார், ஆஸ்பத்திரியில் ஆட்டியதைப் போலவே. அழுகை முட்டியது. "ஒரு பொம்பளையும் கெடையாதுன்னு அவகிட்ட ஒரு வார்த்த நீங்களாவது சொல்லியிருக்கலாமே சாமி." தம்பிச்சாமி அப்பத்தைப் பாத்திரத்தில் இறக்கினார். இரண்டு கண்ணிலும் நீர் நின்றது. குரல் இவருக்கு மட்டும் கேட்டது. "எனக்கு வாயக் கட்டிப் போட்டிருந்துது அத்தான். ஒங்களுக்கு யாரு கட்டுனா?"

யாரும் கட்டவில்லை. டாக்டர் சாலமோனின் வீட்டம்மாவுக்கு எல்லாம் தெரியும், வருஷ விருந்துக்குப் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வருவாள். ஒம்ம வீட்டம்மாவையும் கூட்டிட்டு வாரும்வே என்று டாக்டர் எத்தனை தடவை சொன்னார். உள்ளே நடப்பதைத்தான் சொல்லக் கூடாது, உறுப்பினர் என்பதைச் சொல்லலாம் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். கஸ்பார் திரும்பி நடந்தார். செலஸ்தீன் எழுந்து கையைப் பிடிக்க வந்தாள், வேண்டாம் என்றார். பெஞ்சுக்கு வந்ததும், தாண்டிப் போக இனி யாரும் இல்லையே என்று ஓரத்தில் நிற்காமல் உள்ளே நகர்ந்து அவளுடைய இடத்தில் உட்கார்ந்தார். தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கீழே வைத்தார். நிமிர்ந்து பார்த்தால் நேர் எதிரே தூண். கல்யாணமான நாளிலிருந்து அவள் அந்தத் தூணுக்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தாள், ஒரு நாளும் வாய் திறந்து சொன்னதில்லை. பீடம் எங்கே என்று கழுத்தைத் திருப்பித் தேடினார். முழுக்கத் திருப்பிய பிறகுதான் தெரிந்தது. பீடத்தையும் அதில் எரிகிற விளக்கையும் பார்க்க வேண்டுமானால், முப்பத்தைந்து வருஷம் அவர் அசையாமல் உட்கார்ந்திருந்த இடத்தைத் தாண்டித்தான் பார்க்க வேண்டியிருந்தது.